புஷ்ஷா, ரோலரா? பழைய புல்லட்டைப் பிரித்தால் எழும் கேள்வி

சிமென்ட் தரையில் விரித்த செய்தித்தாளின் மேல் எஞ்சின் பாகம் பாகமாகக் கிடக்கிறது. ஹெட் ஒரு பக்கம், கரியேறிய போர் ஒரு பக்கம், இரண்டாகப் பிளந்த கிராங்க்கேஸ் இன்னொரு பக்கம். நடுவில் மண்ணெண்ணெயில் கழுவிய ஈரம் காயாமல் இரண்டு கனத்த ஃபிளைவீல்கள். அவற்றுக்கு நடுவே நீட்டிக்கொண்டிருக்கும் கனெக்டிங் ராடை இரண்டு விரலால் பிடித்து மேலும் கீழுமாக இழுக்கிறார் மெக்கானிக். டக், டக் என்று மெல்லிய சத்தம். பக்கத்தில் நிற்கும் இளைஞருக்கு அந்தச் சத்தத்தின் பொருள் தெரியாது. தாத்தா வாங்கி, அப்பா ஓட்டி, பல வருடமாகக் கொட்டகையில் சாக்கு போர்த்தி நின்ற வண்டி என்பது மட்டும் தெரியும். “பிக் எண்ட் போயிடுச்சு தம்பி. பழையபடி புஷ்ஷே போட்டுடவா, ரோலரா மாத்திடவா?”

சென்னை புதுப்பேட்டையை ஒட்டிய சந்துகளிலும், கோவை, மதுரை, திருச்சியில் புல்லட்டுக்கென்றே பேர் வாங்கிய பட்டறைகளிலும் ஏதாவது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் இந்தக் காட்சியைப் பார்த்துவிடலாம். வீட்டில் நிற்கும் பழைய வண்டியை உயிர்ப்பித்து ஓட்டும் ஆசை இளைஞர்களிடம் வலுத்திருக்கிறது. டேங்க்கின் பெயின்ட், சீட்டின் தோல், குரோம் பூச்சு பற்றி மணிக்கணக்கில் பேசுகிறார்கள். எஞ்சினுக்குள் எந்த ரகப் பாகம் போகிறது என்ற முடிவை மட்டும் அரை நிமிடத்தில், “உங்களுக்கு எது சரின்னு படுதோ அதைப் போடுங்கண்ணே” என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். அடுத்த பதினைந்து, இருபது வருடத்துக்கு அந்த வண்டி எப்படி ஓடும் என்பது அந்த அரை நிமிடத்தில்தான் தீர்மானமாகிறது.

திருவொற்றியூரிலிருந்து வந்த வண்டி

இந்திய ராணுவம் 1954-இல் 800 புல்லட்டுகளுக்கு ஆர்டர் கொடுத்தது. மறு ஆண்டே இங்கிலாந்தின் ரெட்டிச் நகரத்து ராயல் என்ஃபீல்டும் சென்னையின் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து ‘என்ஃபீல்டு இந்தியா’வைத் தொடங்கின. முதலில் பெட்டி பெட்டியாக வந்திறங்கிய பாகங்களைத் திருவொற்றியூரில் பூட்டினார்கள். பிறகு அச்சுகளும் கருவிகளும் வந்தன, பாகங்களை இங்கேயே வார்க்கவும் கடையவும் தொடங்கினார்கள். ரெட்டிச்சில் புல்லட் 1962-இல் நின்றது. திருவொற்றியூரில் நிற்கவில்லை. 1950-களின் நடுவில் வந்த அந்த வார்ப்பிரும்பு எஞ்சின், அடிப்படை வடிவம் மாறாமல் 2000-களின் கடைசி வரை வந்துகொண்டே இருந்தது.

இன்றைய குழப்பத்துக்கு வேர் இந்த நீண்ட ஆயுள்தான். ஒரே எஞ்சின் அரை நூற்றாண்டு தயாரானால், ஒரே பாகத்துக்குப் பல பிறவிகள் வந்துவிடுகின்றன. ரெட்டிச் காலத்துப் பாகம், 70-களின் பாகம், 90-களின் பாகம், வெளிக் கம்பெனிகள் செய்யும் பாகம், இங்கிலாந்தில் ஆர்வலர்களுக்காகப் புதிதாக வடிவமைத்துச் செய்கிற பாகம் என எல்லாமே “புல்லட்டுக்குச் சேரும்” என்ற பெயரில் கடைக்கு வருகின்றன. திருகு மரைகூட ஒரே மாதிரி இல்லை. பழைய அங்குல மரைகள் இருந்த இடத்தில் பின்னாளில் மில்லிமீட்டர் மரைகள் கொஞ்சம் கொஞ்சமாக நுழைந்தன. பார்வைக்கு ஒத்துப்போகும் போல்ட் இரண்டு சுற்று உள்ளே போய் இறுகி நின்றால், அலுமினிய கிராங்க்கேஸின் மரையே உரிந்து வந்துவிடும்.

■ அளவும் ஆண்டும்
350 புல்லட்: போர் 70 மி.மீ., ஸ்ட்ரோக் 90 மி.மீ., கொள்ளளவு 346 சி.சி.
500 புல்லட்: போர் 84 மி.மீ., ஸ்ட்ரோக் அதே 90 மி.மீ., கொள்ளளவு 499 சி.சி.
350-இன் போரை ஒரு மில்லிமீட்டர் பெரிதாக்கினால் கொள்ளளவு சுமார் 356 சி.சி.
4,000 ஆர்.பி.எம்.மில் பிஸ்டன் ஒரு நொடிக்கு 133 முறை திசை மாறுகிறது. சராசரி வேகம் நொடிக்கு 12 மீட்டர்.
1977: சென்னையில் தயாரான புல்லட் இங்கிலாந்துக்கே ஏற்றுமதியாகத் தொடங்கிய ஆண்டு.
1994: என்ஃபீல்டு இந்தியா ஐஷர் குழுமத்தின் கைக்கு வந்த ஆண்டு.

மிதக்கும் வளையம்

கனெக்டிங் ராடின் பெரிய கண்ணுக்கும் கிராங்க் பின்னுக்கும் நடுவில் என்ன இருக்கிறது என்பதுதான் பிக் எண்ட் கேள்வி. ரெட்டிச் பொறியாளர்கள் அங்கே ஒரு வளையத்தை வைத்தார்கள். அது ராடிலும் இறுகாது, பின்னிலும் இறுகாது. இரண்டுக்கும் நடுவில் தன்பாட்டுக்குச் சுற்றும். அதனால்தான் ஃபுளோட்டிங் புஷ் என்று பெயர். பின் ஒரு வேகத்தில் சுற்ற, புஷ் அதைவிடக் குறைந்த வேகத்தில் பின்தொடர்கிறது. மொத்த உராய்வு வேகமும் உள்பக்கம், வெளிப்பக்கம் என்று இரண்டு எண்ணெய்ப் படலங்களுக்குப் பங்காகிவிடுகிறது. ஒவ்வொரு வெடிப்பின் அடியும் எண்ணெய் மெத்தையின் மேல் பரவலாக விழுகிறது. புதிதாகப் பூட்டிய புல்லட் அத்தனை அடக்கமாகத் துடிப்பதில் இந்த வளையத்துக்கும் பங்குண்டு.

புஷ் கேட்பது ஒன்றே ஒன்று. எண்ணெய் நிற்கக் கூடாது, சுத்தமாகவும் இருக்க வேண்டும். எண்ணெய் கிராங்க்குக்குப் போகும் வழியில் டைமிங் கவரும் கிராங்க்கின் முனையும் சந்திக்கும் இடத்தில் ஒரு சின்ன சீல் இருக்கிறது. பழைய வண்டிகளில் அது தக்கையால் ஆனது, பின்னாளில் ரப்பர் வந்தது. அந்த சீல் நைந்து போனால் பம்ப் அனுப்பும் எண்ணெய் பிக் எண்டுக்குப் போகாமல் டைமிங் அறைக்குள்ளேயே கொட்டிவிடும். வெளியே ஒரு சொட்டுகூடக் கசியாது. ஓட்டுகிறவருக்கு ஒன்றும் தெரியாது. “புல்லட் புஷ் தாங்காது சார்” என்று சொல்லிக் கழற்றிய எஞ்சின்களில் எத்தனையோ, உண்மையில் அந்த சீல் கெட்டதால் புஷ்ஷைத் தின்றவை.

ரோலர் பேரிங்கின் குணம் வேறு. உருளைகள் உருள்வதால் உராய்வு குறைவு. எண்ணெய் சற்றுத் தாமதித்தாலும் உடனே உயிரை விடாது. குளிர்ந்த எஞ்சினில் எண்ணெய் கெட்டியாக நிற்கும் முதல் சில நொடிகளில் அதன் தைரியம் தெரியும். நெடுஞ்சாலையில் மணிக்கணக்கில் விரட்டி ஓட்டுகிறவர்கள் ரோலர் பக்கம் சாய்வதில் நியாயம் இருக்கிறது.

ஆனால் ரோலர் தனியாக வருவதில்லை. உருளைகள் ஓடும் இரண்டு பரப்புகளும் கடினப்படுத்திய எஃகாக இருக்க வேண்டும். புல்லட்டின் பழைய ராடு அலுமினியக் கலவை. அதில் உருளைகளை நேரே ஓட விட்டால் பள்ளம் பறித்துவிடும். அதற்கென எஃகு வளையம் கடைந்து, சூடுபடுத்தி, அழுத்திப் பொருத்த வேண்டும். அல்லது ராடையே மாற்ற வேண்டும். கிராங்க் பின்னும் மாறும். எஃகு ராடு போட்டால் எடை கூடும். கடைசியில் ‘ரோலர் மாற்றினேன்’ என்று ஒருவர் சொல்லும்போது கிராங்க் முழுவதையுமே மாற்றியிருப்பார்.

இந்த விஷயத்தில் என் கட்சி புஷ்தான். ஊருக்குள்ளும் பக்கத்து ஊருக்கும் மணிக்கு 60, 70 கிலோமீட்டர் வேகத்தில் போய்வருகிற 350-க்கு, நல்ல கிராங்க் பின்னில் சரியான அளவில் போட்ட புஷ்ஷும் புது சீலும் தாராளமாகப் போதும். பழைய 500-ஐ எடுத்து, கம்ப்ரஷனைக் கூட்டி, மாதம் ஒருமுறை பெங்களூரு போய்வரத் திட்டமிடுகிறவர் ரோலர் போடட்டும். அவர் அதற்கு மேலும் சிலவற்றை மாற்ற வேண்டியிருக்கும்.

ஒன்றைத் தொட்டால் நான்கு

பிஸ்டனில் தொடங்குவோம். போர் தேய்ந்துவிட்டது, ஓவர்சைஸ் பிஸ்டன் போட வேண்டும். கடைக்காரர் மூன்று ரகம் எடுத்து வைக்கிறார். ஒன்று ஸ்கர்ட்டில் வெட்டு விட்ட பழைய வார்ப்பு பிஸ்டன். இரண்டாவது சிலிக்கான் கூட்டிய புது வார்ப்பு. மூன்றாவது ஃபோர்ஜ்டு, அதாவது அடித்து உருவாக்கியது. மூன்றுக்கும் விட்டம் ஒன்றுதான். சூடேறினால் மூன்றும் ஒரே அளவு விரிவதில்லை.

70 மி.மீ. அலுமினிய பிஸ்டன் 200 டிகிரி சூடேறினால் கால் மில்லிமீட்டருக்கும் மேல் பெருக்கும். அதைச் சுற்றியிருக்கும் வார்ப்பிரும்பு போர் அதே சூட்டில் ஏறத்தாழ அதில் பாதிதான் விரியும். இந்த வித்தியாசத்துக்கு இடம் விட்டுத்தான் போரைக் குடைய வேண்டும். சிலிக்கான் கூடிய பிஸ்டன் குறைவாக விரியும், இறுக்கமாகப் போடலாம். ஃபோர்ஜ்டு பிஸ்டனுக்கு இடைவெளி கூடுதலாக வேண்டும். குளிர்ந்திருக்கையில் கொஞ்சம் கடகடக்கும், அதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். பழைய பிஸ்டனின் கணக்கிலேயே போர் போட்டு அதில் ஃபோர்ஜ்டு பிஸ்டனை இறக்கினால், முதல் நீண்ட பயணத்தில், மதிய வெயிலில், எஞ்சின் பிடித்துக்கொள்ளும். பின்சக்கரம் பூட்டினாற்போல் நின்றுபோகும். ஓட்டுகிறவரின் கை உடனே கிளட்சுக்குப் போகாவிட்டால் உயிருக்கே ஆபத்து. அதனால்தான் பிஸ்டன் முதலில் கைக்கு வர வேண்டும், அதை அளந்த பிறகே போர் லேத்துக்குப் போக வேண்டும் என்று பழைய கைகள் பிடிவாதம் பிடிக்கின்றன.

அடுத்தது எடை. ஒற்றைச் சிலிண்டர் எஞ்சினை முழுதாகச் சமன்செய்யவே முடியாது. மேலும் கீழும் போய்வரும் எடையில் ஒரு பகுதியைத்தான் ஃபிளைவீலின் எதிர் எடை ஈடுகட்டும். அந்தக் கணக்கு பழைய பிஸ்டனின் எடைக்குப் போட்டது. கனமான பிஸ்டனோ ராடோ உள்ளே போனால் அதிர்வு வேறு வேகத்துக்கு இடம் மாறும். நீங்கள் வழக்கமாக ஓட்டும் வேகத்திலேயே அது வந்து உட்கார்ந்தால் கைப்பிடியில் விரல் மரத்துப்போகும், மட்கார்டின் கம்பி விரிசல் விடும். பழைய பிஸ்டன், ரிங், பின் மூன்றையும் சேர்த்துத் தராசில் வைத்து, புதியதையும் வைத்துப் பார்க்க ஐந்து நிமிடம்கூட ஆகாது. செய்கிற பட்டறைகள் குறைவு.

கம்ப்ரஷன் கூட்டும் பிஸ்டன் என்றால் கதை இன்னும் நீளும். வெடிப்பின் அழுத்தம் கூடும், பிக் எண்டின் சுமை கூடும், அதற்கு எண்ணெய் அதிகம் வேண்டும். புல்லட்டின் எண்ணெய் பம்ப் நிதானமானது. கிராங்க்கின் முனையில் உள்ள வார்ம் கியர் அதை மெதுவாகத்தான் ஓட்டும். இங்கிலாந்தின் ஹிட்ச்காக்ஸ் போன்ற கடைகள் கூடுதல் எண்ணெய் தள்ளும் பம்புகளை விற்பதற்குக் காரணம் இதுதான். பிஸ்டன் மட்டும் ‘பெர்ஃபார்மன்ஸ்’, மற்றதெல்லாம் பழையது என்ற கலவைதான் பட்டறைகளுக்கு அதிகம் திரும்பி வருகிறது.

போர்: ஸ்லீவா, புதுசா, அலுமினியமா?

பட்டறையில் போர் என்று சொல்லும் சிலிண்டர், ஓவர்சைஸ் எல்லையையும் தாண்டித் தேய்ந்துவிட்டால் மூன்று வழி இருக்கிறது. உள்ளே ஸ்லீவ் இறக்கி மறுபடி 70 மி.மீ.க்குக் கொண்டுவரலாம். புதிய வார்ப்பிரும்பு போர் வாங்கலாம். அலுமினிய போர் போடலாம்.

அலுமினியம் வார்ப்பிரும்பைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு வேகத்தில் வெப்பத்தைக் கடத்தும், எடையும் குறைவு. நம் ஊர் வெயிலுக்கு அது நல்ல யோசனைதான். ஆனால் தூரத்திலிருந்து பார்த்தாலே வண்டி வேறு வண்டியாகத் தெரியும். நிறம் வேறு, சத்தமும் கொஞ்சம் கூர்மை. பழைய வார்ப்பின் துடுப்புகள் உடையாமல் இருந்தால் நான் ஸ்லீவ் பக்கம்தான் நிற்பேன். ஐம்பது வருடம் சூடேறி ஆறிய இரும்பு. அதன் உள் இழுவிசையெல்லாம் எப்போதோ தளர்ந்துவிட்டது, இனி கோணாது. ஸ்லீவ் சுற்றிலும் இறுக்கமாக உட்கார வேண்டும் என்பது மட்டும் முக்கியம். இடையில் மெல்லிய காற்றிடைவெளி விட்டாலும் வெப்பம் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே தங்கும்.

பெட்ரோலும் மாறிவிட்டது

இந்த எஞ்சின் பிறந்தபோது பெட்ரோலில் ஈயம் இருந்தது. 2000 பிப்ரவரியிலிருந்து நாடெங்கும் ஈயமில்லா பெட்ரோல்தான். ஈயம் எக்ஸாஸ்ட் வால்வின் சீட்டில் மெல்லிய பூச்சாகப் படிந்து தேய்மானத்தைத் தடுத்துவந்தது. அது போன பிறகு, பழைய மென்மையான சீட் நீண்ட வேகப் பயணங்களில் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளிறங்கும். வால்வின் இடைவெளி அடிக்கடி குறைகிறதென்றால் அதுதான் அறிகுறி. ஹெட்டைத் திறந்த கையோடு கடினமான சீட் இறக்கிவிடுவது நல்லது. வெளியே தெரியாத, எந்த வாதத்துக்கும் இடமில்லாத மாற்றம் இது.

இப்போது பங்க்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். வாட்ஸ்ஆப் குழுக்களில் இதைப் பற்றி ஓடும் பீதியில் பாதி மிகை, மீதி உண்மை. எத்தனால் தனக்குள்ளேயே ஆக்சிஜனைச் சுமந்து வருகிறது. சாதாரண பெட்ரோல் முழுதாக எரிய எடையில் சுமார் 14.7 பங்கு காற்று வேண்டும். இந்தக் கலவைக்கு 13.5-ஐ ஒட்டிப் போதும். புது வண்டியில் சென்சார் பார்த்துச் சரிசெய்துகொள்ளும். 350 புல்லட்டில் இருக்கும் மிக்கார்ப் கார்புரேட்டருக்கு அந்த அறிவு கிடையாது. அது பழைய அளவிலேயே எரிபொருளை விடும், கலவை மெலியும், எக்ஸாஸ்ட் வால்வும் பிஸ்டன் தலையும் கூடுதலாகச் சூடேறும். மெயின் ஜெட்டை ஒரு படி பெரிதாக்கி, பிளக்கின் நிறத்தைப் பார்த்துச் சரிசெய்வதுதான் வழி. எஞ்சினுக்காகப் பல ஆயிரம் செலவழித்தவர் இந்தச் சின்ன ஜெட்டுக்குக் கணக்குப் பார்க்கக் கூடாது.

பழைய ரப்பரும் தக்கையும் எத்தனாலில் ஊறி உப்பும், நொறுங்கும். பெட்ரோல் டேப்பின் சீல், ஓஸ், கார்புரேட்டர் வாஷர் இவற்றில் பழசுதான் ஒரிஜினல் என்று வாதாட எந்தக் காரணமும் இல்லை. மாதக்கணக்கில் நிற்கும் வண்டியென்றால் டேங்க்கைக் காலி செய்துவிடுங்கள். எத்தனால் காற்றின் ஈரத்தை இழுக்கும். நம் கடலோர ஊர்களில் அந்த ஈரத்துக்குப் பஞ்சமே இல்லை.

■ ‘வின்டேஜ்’ பதிவு என்ன சொல்கிறது?
மத்திய அரசு 2021-இல் வெளியிட்ட விதிகளின்படி, முதல் பதிவாகி 50 ஆண்டு கடந்த இருசக்கர, நான்கு சக்கர வாகனங்கள் வின்டேஜ் பதிவு பெறலாம். சேசிஸ், பாடி, எஞ்சினில் பெரிய மாற்றம் செய்யாமல் அசல் வடிவில் இருக்க வேண்டும்.
புதிய பதிவுக்கு 20,000 ரூபாய். அது 10 ஆண்டு செல்லும். மறுபதிவுக்கு 5,000 ரூபாய்.
புதிய எண்ணில் ‘வி.ஏ.’ என்ற எழுத்துகள் இடம்பெறும். ஏற்கெனவே பதிவான வண்டி தன் பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம்.
வின்டேஜ் பதிவு பெற்ற வண்டியை அன்றாடப் போக்குவரத்துக்கோ வணிகத்துக்கோ ஓட்ட முடியாது. கண்காட்சி, பேரணி, பராமரிப்பு, எரிபொருள் நிரப்புதல் போன்றவற்றுக்கு ஓட்டலாம்.

ஆர்.சி. புக் பேசும் இடம்

எஞ்சின் எண் கிராங்க்கேஸில் பொறித்திருக்கிறது. கிராங்க்கேஸ் விரிசல் விட்டுப் புதுப்பேட்டையிலிருந்து வேறொன்று வாங்கிப் போட்டால், சட்டத்தின் கண்ணில் எஞ்சினே மாறிவிட்டது. பதிவு அலுவலகத்தின் அனுமதி வாங்கி ஆர்.சி.யில் ஏற்ற வேண்டும். அந்தப் பழைய கிராங்க்கேஸ் யாருடைய வண்டியில் இருந்தது என்பதற்குக் காகிதம் இல்லையென்றால், அதைத் தொடாமல் இருப்பது புத்திசாலித்தனம். தயாரிப்பாளர் கொடுத்த அசல் அமைப்புக்கு முரணாக வாகனத்தை மாற்றக் கூடாது என்பதை 2019 ஜனவரியில் கேரள வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தது. தேய்ந்த பிக் எண்டை மாற்றுவது பழுதுபார்ப்பு. 350-ஐ 500 ஆக்குவது அப்படி அல்ல.

விரிசல் விட்ட அசல் கிராங்க்கேஸை ஆர்கான் வெல்டிங் செய்து, பேரிங் உட்காரும் வீடுகளைத் திரும்பக் குடைந்து காப்பாற்ற முடியும். கோவையில் அந்த வேலையைச் செய்யத் தெரிந்த பட்டறைகள் இருக்கின்றன. நேரம் பிடிக்கும். ஆனால் வண்டியின் எண் வண்டியோடேயே இருக்கும்.

ஐம்பது வயதை நெருங்கும் வண்டி வைத்திருப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். கழற்றிய அசல் பாகங்களை எடைக்குப் போடாதீர்கள். பிளாட்டினம் பாயின்ட்டைக் கழற்றிவிட்டு எலெக்ட்ரானிக் இக்னிஷன் போட்டாலும், அதை ஒரு மணி நேரத்தில் பழையபடி மாற்றிவிடலாம். குடைந்த போரையும், ரோலருக்காகக் கண்ணைக் கடைந்த ராடையும் அப்படித் திருப்ப முடியாது. திரும்பிவர முடியாத வேலைக்கு முன்பு ஒரு வாரம் யோசிக்கலாம்.

காகிதத்தில் எழுதச் சொல்லுங்கள்

கடைகளில் ‘கம்பெனி’ முத்திரை போட்ட பெட்டிக்குள் போலிச் சரக்கு வருவது ஒன்றும் புதிதல்ல. பெட்டியைப் பார்த்து வாங்குவதை நிறுத்திவிட்டு மைக்ரோமீட்டரை வைத்து வாங்குங்கள். கிராங்க் பின்னை நான்கு இடங்களில் அளந்தால், வட்டமாக இருக்கிறதா முட்டை வடிவத்துக்குப் போய்விட்டதா என்று தெரிந்துவிடும். முட்டையான பின்னில் எவ்வளவு நல்ல புஷ் போட்டாலும் சில மாதங்களில் மறுபடி டக், டக்.

அதைவிடப் பெரிய வேலை ட்ரூயிங். இரண்டு ஃபிளைவீல்களும் ஒரு கிராங்க் பின்னால் இணைந்த கட்டுமானம் அது. பூட்டிய பிறகு இரு முனைகளும் ஒரே நேர்கோட்டில் சுற்ற வேண்டும். டயல் கேஜின் முள் மில்லிமீட்டரில் நூறில் சில பங்குக்கு மேல் ஆடக் கூடாது. செம்புச் சுத்தியலால் தட்டித் தட்டி அதை நேராக்கும் கைகள் பெரும்பாலும் அறுபதைத் தாண்டியவை. அந்த வேலைக்கு அவர்கள் கேட்கும் கூலியில் பேரம் பேசாதீர்கள். பேசுவதாக இருந்தால், மகனோ உதவியாளரோ அதைக் கற்றுக்கொள்கிறாரா என்று பேசுங்கள். வேலை முடிந்ததும் பின்னின் அளவு, புஷ்ஷின் இடைவெளி, பிஸ்டனின் இடைவெளி, டயல் கேஜின் கணக்கு நான்கையும் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்லுங்கள். நல்ல மெக்கானிக் இதற்குக் கோபிக்க மாட்டார்.

புது எஞ்சின் முதல் 300 கிலோமீட்டர் ஓடியதும் எண்ணெயை இறக்கி, வடிகட்டியைப் பிரித்து, அடியில் தங்கிய கசடை ஒரு வெள்ளைத் துணியில் ஊற்றிக் காந்தம் வைத்துப் பாருங்கள். கருப்புத் தூளாகக் கொஞ்சம் ஒட்டினால் ரிங் உட்காருகிறது, பயம் இல்லை. செதிலாக ஒட்டினால் ரோலரிலோ கியரிலோ கோளாறு. காந்தத்தில் ஒட்டாமல் மினுமினுத்தால் பிஸ்டன், ராடு, புஷ்ஷின் பூச்சு இவற்றில் ஒன்று உரிகிறது. இந்தக் கடைசி இரண்டில் எது கண்ணில் பட்டாலும் கிக்கரை மிதிக்காமல், வண்டியைத் தள்ளிக்கொண்டே பட்டறைக்குப் போய்விடுங்கள்.